கேட்டுக்கு முன்னும் கேட்டுக்குப் பின்னும்: வாயிலியல் குறித்து ஒரு முன்னாய்வு

பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி தொடங்கி கேளம்பாக்கம் தாண்டும் வரை இரண்டு பக்கமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பி நிற்கின்றன. அவற்றுக்குள் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைச் சிறுகதை, சீரியல், ரியல் எஸ்டேட் விளம்பரம் ஆகிய மூன்று துறைகளும் விரிவாகச் சொல்லிவிட்டன. எப்படி உள்ளே நுழைகிறார்கள் என்பதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. நுழைந்தால்தானே வாழ்வது? இந்தப் பெருங்குறையைப் போக்கும் பொருட்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. நிதி நல்கியோர் எவருமில்லை. அசோசியேஷன் நல்கியது ஒரு புகைப்படம். "மெயின் கேட் பக்கத்துல நோட்டும் கையுமா நிக்கிற இவர் எந்த பிளாட்? ஓனரா, டெனன்ட்டா?" என்ற கேள்வியோடு அது வாட்ஸ்அப் குழுவில் வெளியானது. படத்தில் இருந்தது இவ்வாய்வாளனின் முதுகு. பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் டெனன்ட் என்றே கணித்திருந்தார்கள், சட்டையை வைத்து.

ஆய்வின் கருதுகோள் இதுதான்: கேட்டட் கம்யூனிட்டியின் வாயில் திருடனைத் தடுக்க வைத்ததன்று, யார் எவ்வளவு நேரம் வெளியே நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய வைத்தது. நடுவில் திருடன் அகப்பட்டால் அது உபரி.

இக்கட்டுரையில் வாயில் என்று குறிக்கப்படுவது ஒரு தொகுதி. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய ஒரு நீளக் கம்பு, அதைத் தூக்கி இறக்கும் பெட்டி, செக்யூரிட்டி கூண்டு, கூண்டுக்குள் ஒரு மின்விசிறி, மேசை, ரெஜிஸ்டர், மேசைக் காலோடு நூலால் கட்டப்பட்ட பேனா, கிளப் ஹவுஸில் கை உடைந்ததால் இங்கே மாற்றலாகி வந்த பிளாஸ்டிக் நாற்காலி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றில் எது பழுதானாலும் வாயில் இயங்கும். பேனா தொலைந்தால் மட்டும் இயங்காது.

முன்னோர் செய்தவை

மேலைநாட்டார் இந்தத் துறையைத் தொடாமலில்லை. அமெரிக்காவில் வேலியிட்டுக்கொண்டு வாழும் குடியிருப்புகளைப் பற்றி எட்வர்ட் பிளேக்லியும் மேரி கெயில் ஸ்னைடரும் 1997-ல் ஒரு நூல் எழுதினார்கள். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்தில் வசதி படைத்தோர் சுவருக்குள் ஒதுங்கியதை மானிடவியலாளர் தெரேசா கால்டெய்ரா 2000-ல் தடித்த புத்தகமாக்கினார். இரண்டும் சுவரின் கதை. சுவரில் வண்டி போக விட்ட ஓட்டையின் கதைக்கு நம் பக்கம்தான் வர வேண்டும்.

வாயிற்காவலரிடம் நேருக்கு நேர் சண்டை போட்ட விசிட்டர்களில் நமக்குத் தெரிந்து மூத்தவர் ஔவையார். அதியமான் பரிசில் தராமல் நாளைக் கடத்தியபோது அவர் பாடியது புறநானூற்றில் 206-ஆவது பாட்டு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பாட்டு அதியமானை விளிக்கவில்லை, வாயிலோனை விளிக்கிறது. உள்ளே இருப்பவர் இன்டர்காமை எடுக்காவிட்டால் வெளியே இருப்பவரின் கோபம் யார் தலையில் இறங்கும் என்பதற்கு இதைவிடப் பழைய ஆவணம் வேண்டியதில்லை. அந்தச் செக்யூரிட்டி என்ன செய்திருப்பார், பாவம்? "சார் மீட்டிங்ல இருக்காரு" என்று சொல்லியிருப்பார். ஔவையார் தம் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு, கலைஞருக்கு எங்கே போனாலும் பிழைப்பு என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். ஆர்டரை ரத்து செய்துவிட்டு அடுத்ததற்கு வண்டியைத் திருப்பும் டெலிவரி ஊழியர் ஒவ்வொருவரும் அந்த மரபில் வந்தவரே.

கடமை தவறாத வாயிலோனும் இருந்திருக்கிறார். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அரண்மனை வாயிலுக்குக் கண்ணகி வந்து நின்றதும் அவர் உள்ளே ஓடி அறிக்கை கொடுக்கிறார். வந்திருப்பவர் கொற்றவை அல்ல, பிடாரி அல்ல, காளி அல்ல என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்து, கடுங்கோபத்தில் இருக்கிறார், கையில் ஒற்றைச் சிலம்பு வைத்திருக்கிறார், கணவனை இழந்தவர் என்று முடிக்கிறார். அடையாளம், மனநிலை, கைப்பொருள், குடும்ப விவரம் எல்லாம் இதில் வந்துவிட்டன. இவ்வளவு சீரான விசிட்டர் பதிவை இவ்வாய்வாளன் வேறெங்கும் கண்டதில்லை. வந்த காரணம் என்ற கட்டம் மட்டும் காலி. பாண்டியனும் அதைக் கேட்காமலே அனுமதித்துவிட்டான். அப்புறம் மதுரைக்கு என்ன ஆயிற்று என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நம் ஊர் மேனேஜிங் கமிட்டிகள் இன்றுவரை காரணம் என்ற கட்டத்தில் பிடிவாதமாக இருப்பதன் வேர் இதுவாக இருக்கலாம். அந்தக் கட்டத்தில் விசிட்டர்கள் ஒருமனதாக எழுதும் பதில் ‘பர்சனல்’.

சொந்த வீட்டுக்காரரையே வாயிலில் நிறுத்தலாம் என்ற நெறியும் நம்முடையதே. பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனை உள்ளே விடமாட்டேன் என்று தலைவியும் தோழியும் மறுப்பதற்கு அக இலக்கியம் தனித் துறையே வகுத்திருக்கிறது. அவனுக்காகப் பரிந்து பேசப் போகக்கூடியவர்களைத் தொல்காப்பியம் பன்னிருவராகப் பட்டியலிடுகிறது: தோழி, தாய் என்று தொடங்கி, பாணன், கூத்தர் எல்லோரும் வந்து, கடைசியில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வரை. வீடு யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டாத புது காரோடு நிற்கும் ஓனர்கள் இந்த இலக்கணத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

வாயிலோனுக்கு நேரக்கூடிய பணி ஆபத்துக்கு வைகுண்டமே சான்று. சனகாதி முனிவர்கள் நால்வர் ஜயனையும் விஜயனையும் தாண்டி உள்ளே போகப் பார்த்தார்கள். வாயிலோர் இருவரும் தடுத்தார்கள். விசாரணை இல்லை, விளக்கம் கேட்கும் கடிதம் இல்லை, உடனடிச் சாபம். இரணியாட்சன் இரணியகசிபு, ராவணன் கும்பகர்ணன், சிசுபாலன் தந்தவக்கிரன் என்று மூன்று பிறவி கழித்தே பணிக்குத் திரும்ப முடிந்தது. வந்தவர் யாரென்று தெரியாமல் நிறுத்துவது ஒரு குற்றம், தெரிந்து நிறுத்துவது அதைவிடப் பெரிய குற்றம் என்பதை செக்யூரிட்டி ஏஜென்சிகள் அதன் பிறகு நன்றாகப் புரிந்துகொண்டன.

கௌடில்யர் மட்டும் இதில் கறாரானவர். அர்த்தசாஸ்திரத்தில் நுழைவு முத்திரைக்கென்றே ஓர் அதிகாரி உண்டு. ஒரு மாஷகம் கட்டினால் முத்திரை கிடைக்கும். முத்திரை இல்லாமல் போய்வரும் உள்நாட்டவருக்கு 12 பணம் அபராதம். கவனிக்க, உள்நாட்டவருக்கு. நம் குடியிருப்புகளில் அபராதப் பலகையில் எல்லா விதிகளும் ‘விசிட்டர்கள் கவனத்திற்கு’ என்றே தொடங்குகின்றன.

வாயிலோன்

தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-ல் வந்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி காவலருக்கு 100 மணி நேரம் வகுப்பும் 60 மணி நேரம் களப்பயிற்சியும் தர வேண்டும். தட்டைப் பாதம் கூடாது. நிறக்குருடு கூடாது. ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடிக் கடக்க வேண்டும். நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவருக்கு இது எதற்கு என்று மேலோட்டமாகப் படிப்பவர்கள் கேட்கக்கூடும். களம் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். ஓனர் காருக்கு நீல ஸ்டிக்கர், டெனன்ட்டுக்குப் பச்சை, இரண்டாவது காருக்கு மஞ்சள், போன வருடம் கமிட்டி மாறியபோது எல்லாம் தலைகீழ். நிறக்குருடு இருந்தால் இங்கே ஒரு நாள் தாங்காது. ஓட்டமும் அப்படித்தான். "சும்மா பத்து நிமிஷம்ணா" என்று உள்ளே போன கார் செகரட்டரியின் பார்க்கிங்கில் நிற்பதாக இன்டர்காமில் குரல் வரும்போது, கேட்டிலிருந்து கடைசி டவர் வரை ஓடிப் போய்ச் சேர வேண்டிய நேரம் சட்டம் சொல்லும் ஆறு நிமிடத்தைவிடக் குறைவு.

ராணுவம், போலீஸ் உடுப்பைப் போன்ற சீருடையை இவர்கள் அணியக் கூடாது என்கிறது அதே சட்டம். சல்யூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாயிலியலில் இது ஒரு பெரிய சட்ட இடைவெளி. சீருடையில் போன மிடுக்கை எல்லாம் அசோசியேஷன்கள் சல்யூட்டில் வசூலித்துவிடுகின்றன. பொதுக்குழுவில் சிசிடிவி வேலை செய்யவில்லை என்ற புகாருக்கு இருக்கும் மரியாதை, "புதுசா வந்த பையா சல்யூட் அடிக்கிறதில்லை" என்ற புகாருக்கும் உண்டு.

பையா என்று அழைக்கப்படும் அவர் ஒடிசாவிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்து, காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தை இங்கே கழிப்பவர். வந்த வாரத்திலேயே மூன்று தமிழ் வாக்கியங்கள் கற்றுக்கொள்கிறார்: "எந்த பிளாட்?", "போன் பண்ணுங்க", "சார் எடுக்கல". குடியிருப்பின் சமூக உறவுகள் முழுவதும் இம்மூன்றுக்குள் அடங்கிவிடுவதால் நான்காவது தேவைப்படுவதில்லை. அவரிடம் அதிகம் கேட்கப்படும் தமிழ் வாக்கியம் "நான் யாருன்னு தெரியுமா?" என்பது. கேட்பவர் அதைக் கேள்வியாகக் கேட்பதில்லை. ஆனால் அவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, "தெரியாது சார், எந்த பிளாட்?" என்கிறார். நாள் முழுவதும் அந்த கேட்டில் நடக்கும் உரையாடல்களில் பொய் கலவாதது இது ஒன்றுதான்.

சந்தேகம் பற்றிய தேற்றம்

வாயிலில் எழும் சந்தேகம் வண்டியின் விலைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். இதுவே வாயிலியலின் முதல் தேற்றம். இதற்கு ஒரு துணைத் தேற்றமும் உண்டு: வண்டியின் விலை தெரியாதபோது கண்ணாடியின் நிலை கணக்கில் கொள்ளப்படும். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "அண்ணா, ஜி டவர் எந்தப் பக்கம்?" என்று கேட்பவர் விசிட்டர், ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். கண்ணாடியை இறக்காமல், ஹெட்லைட்டை இரண்டு முறை டிப் அடித்துவிட்டு நேரே முன்னால் பார்ப்பவர் ஓனர், கம்பு எழும்பும். கார்க் கண்ணாடிகளில் கறுப்பு பிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொன்னது. கறுப்பு பிலிமோடு கேட்டுக்கு வரும் வண்டிக்கு அந்தத் தீர்ப்பு தெரிவதில்லை, சல்யூட் மட்டும் கிடைக்கிறது. உள்ளே இருப்பவர் எவ்வளவுக்கெவ்வளவு கண்ணுக்குத் தெரியவில்லையோ அவ்வளவுக்கவ்வளவு நம்பிக்கைக்குரியவர் ஆகிறார்.

தேற்றத்தைச் சரிபார்க்க இரவு எட்டு மணிதான் தோதான வேளை. சாப்பாட்டுப் பையோடு டூவீலர் ஒன்று வருகிறது. ஓட்டி வந்த பையன் ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். கழற்றினால்தான் போட்டோவில் முகம் விழும். கூண்டிலிருந்து செல்போன் நீள்கிறது, படம் எடுக்கிறது. பிளாட் எண் தட்டப்படுகிறது. உள்ளே யாரோ பசியோடு காத்திருக்கிறார், ஆனால் போன் சார்ஜில் இருக்கிறது. "அண்ணே, சாம்பார் ஆறிடும்ணே" என்கிறான் பையன். "சார் எடுக்கல." இந்த வேளையில் பக்கத்துப் பாதையில் வெள்ளை எஸ்யுவி ஒன்று வந்து டிப் அடிக்கிறது. கம்பு எழும்புகிறது. அது டெலிவரி பையனின் வண்டியைப் போலப் பல மடங்கு பெரியது. சாம்பார் பொட்டலத்தில் ஒளித்துக் கொண்டுபோக முடியாத எத்தனையோ பொருட்களுக்கு அதன் டிக்கியில் இடமிருக்கிறது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

வெளியே போகும்போது தேற்றம் இன்னும் துல்லியமாகிறது. வீட்டு வேலை முடிந்து நடந்து போகும் அம்மா மேசை மேல் பையை வைத்துத் திறந்து காட்டுகிறார். டிபன் பாக்ஸ், ஒரு மடித்த புடவை, குடை, பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்த காலையின் இட்லி. இட்லியைப் பற்றி, எந்த பிளாட்டில் கொடுத்தார்கள் என்று ஒரு கேள்வி. அதற்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இரண்டு கார்கள் வெளியே போய்விடுகின்றன. குடியிருப்பிலிருந்து ஒரு இட்லி வெளியே போவதற்குரிய தணிக்கை ஒரு பிரிட்ஜ் வெளியே போவதற்கு இல்லை. பிரிட்ஜ் டெம்போவில் போகிறது, டெம்போவுக்கு அசோசியேஷனின் நோ-அப்ஜெக்‌ஷன் கடிதம் இருக்கிறது.

தேற்றத்துக்கு ஒரே ஒரு விலக்கு: தண்ணீர் லாரி. விலை மதிப்பின்படி பார்த்தால் அது சந்தேகத்துக்குரிய வண்டி. நசுங்கிய பம்பர், பின்னால் சொட்டும் குழாய், கண்ணாடி எப்போதும் இறக்கியே இருக்கும். ஆனால் அது சாலை முனையில் திரும்பும்போதே கூண்டிலிருந்தவர் எழுந்து விடுகிறார். புழலும் செம்பரம்பாக்கமும் வறண்ட 2019 கோடையைப் பார்த்தவர்கள் யாரும் தண்ணீர் லாரியை நிறுத்திக் காரணம் கேட்கமாட்டார்கள். 12,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன். அது ஏறி இறங்கிப் போன பாதையில் பேவர் பிளாக்குகள் அமிழ்ந்து கிடக்கும், அதற்கும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் வாயிலோன் செய்யும் மிகக் கவனமான சோதனையும் இதற்குத்தான். பின் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, தண்ணீர் விளிம்பு வரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குகிறார். டிரைவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. இந்த ஒரு வண்டியில்தான் வந்தவர் யார் என்பதை விட்டுவிட்டு, வந்தது என்ன என்று பார்க்கிறார்கள். பாதுகாப்பு என்றால் இதுதானோ என்ற ஐயம் இவ்வாய்வாளனுக்கு வந்ததுண்டு.

கம்பும் கயிறும்

ஒரு வரலாற்றுக் குறிப்பு. பழைய மகாபலிபுரம் சாலையின் சுங்கச்சாவடிகளில் நான்கில் 2021 ஆகஸ்டு இறுதியில் வசூல் நின்றது. நாவலூரில் 2023 அக்டோபரில் நின்றது. பொதுச் சாலையில் கம்பு எழும்பிவிட, தடுப்புக் கலை முழுவதும் குடியிருப்பு கேட்டுகளுக்கு இடம்பெயர்ந்தது. 2021 பிப்ரவரியில் பாஸ்டாக் கட்டாயமானதிலிருந்து பெங்களூர் வரை அநேகமாக நிற்காமல் போய்த் திரும்பும் ஒருவர், பயணத்தில் முதன்முதலாக முழுசாக பிரேக் போடுவது தன் வீட்டு வாசலில்தான்.

காரணம் ஸ்டிக்கர். கார்க் கண்ணாடியில் ஒட்டும் அந்த ஆர்எப்ஐடி ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. கேட்டில் இருக்கும் ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சி, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். இந்தியாவில் இதற்கு ஒதுக்கியிருப்பது 865-லிருந்து 868 மெகாஹெர்ட்ஸ். உலோகப் பூச்சுள்ள பிலிம் இடையில் வந்தால் அலை திரும்பிவிடும். உரித்தெடுத்து இன்னொரு காரில் ஒட்டக் கூடாது என்பதற்காகவே உரித்தால் கிழியும்படி செய்திருக்கிறார்கள். ஆகவே நம்மவர்கள் ஒட்டுவதே இல்லை. டேஷ்போர்டில் வைத்திருந்து, வேண்டும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ரீடரின் முகத்தில் ஆட்டுகிறார்கள். ஒரு குடும்பம், மூன்று கார், ஒரு ஸ்டிக்கர். இன்னொரு வகையும் உண்டு: காரை விற்றவர் ஸ்டிக்கரை நீக்கச் சொல்ல மறந்துவிடுவார். வேளச்சேரியில் செகண்ட் ஹேண்டில் அந்தக் காரை வாங்கியவர் தன்னையறியாமலே நம் குடியிருப்பின் கௌரவ உறுப்பினர் ஆகிவிடுகிறார்.

கம்பு ஒரு வண்டியின் மேல் விழாமல் இருப்பதற்குத் தரைக்கடியில் ஒரு கம்பிச் சுருள் பதித்திருப்பார்கள். மேலே உலோகம் நின்றால் சுருளின் மின்தூண்டல் மாறும். மாறியிருக்கும் வரை கம்பு இறங்காது. மனித உயிரை நினைத்துச் செய்த ஏற்பாடு. இதையே நுழைவுச் சீட்டாக மாற்றிக்கொண்டது தமிழ் மூளை. முன்னால் போகும் ஸ்டிக்கர் காரின் பின்னாலேயே பம்பரோடு பம்பராக ஒட்டிக்கொண்டு போனால் சுருளுக்கு அது ஒரே நீள வண்டி. கல்யாண வீடு இருக்கும் நாளில் ஒரு ஸ்டிக்கரின் பின்னால் ஒரு ஊர்வலமே உள்ளே போகிறது.

டூவீலர்களுக்கு இந்த நுட்பம் எதுவும் தேவையில்லை. கம்பு முடியும் இடத்துக்கும் சுவருக்கும் இடையில், நடந்து போகிறவர்களுக்கென்று விட்ட இடைவெளி இருக்கிறது. அதன் அகலம் ஒரு ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் அகலத்துக்குச் சரியாக இருப்பதைத் தற்செயல் என்று இவ்வாய்வாளனால் ஏற்க முடியவில்லை.

கடைசியில் எல்லாத் தொழில்நுட்பமும் போய்ச் சேரும் இடம் கயிறு. அவசரத்தில் எவரோ இடித்துக் கம்பு முறிகிறது. யார் இடித்தது என்று சிசிடிவியில் தெரிகிறது. தெரிந்ததால் விசாரணை நின்றுவிடுகிறது. புதுக் கம்பு வரும்வரை ஒரு நைலான் கயிறு, நடுவில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு, ஒரு முனை தூணில், மறுமுனை பையாவின் கையில். வண்டி வந்தால் கயிற்றைத் தரையில் விடுகிறார், போனதும் இழுக்கிறார். இதற்கு மின்சாரம் வேண்டாம், சுருள் வேண்டாம், வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டாம். பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர்களை மட்டும் பிரித்து நிறுத்தும் திறமை கம்புக்கு இல்லை, கயிற்றுக்கு உண்டு. ஆயினும் கயிறு அசோசியேஷனின் மதிப்புக்குக் குறைவு என்று கருதப்படுவதால் புதுக் கம்புக்கு மூன்று கொட்டேஷன் வாங்கப்படுகிறது.

நிற்கும் நேரம்

இனி கணிதம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க்காரர் 1909-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு வளர்ந்தது. அவர் ஆராய்ந்தது தொலைபேசி அழைப்புகளை. கேட்டுக்கும் அது பொருந்தும்.

ஒரு விசிட்டர் வண்டியை விசாரித்து அனுப்பச் சராசரியாக 40 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 50 விநாடிக்கு ஒரு வண்டி வருகிறது. வருவதைவிட வேகமாகத்தானே அனுப்புகிறோம், வரிசை எப்படிச் சேரும் என்று கமிட்டி கேட்கும். ஆனால் வண்டிகள் கடிகாரம் பார்த்து வருவதில்லை. மூன்று சேர்ந்தாற்போல் வரும், பிறகு காக்காய் கூட வராது. விசாரணையும் ஒருவருக்குப் பத்து விநாடி, இன்னொருவருக்கு "அவங்க தங்கச்சி வீட்டுக்காரருக்கு போன் போடுங்க" என்று மூன்று நிமிடம். இந்த ஒழுங்கின்மையை எர்லாங் வழிவந்த சூத்திரத்தில் போட்டால், ஒருவர் தன் முறை வரும்வரை நிற்கும் சராசரி நேரம் 160 விநாடி. சனிக்கிழமை மாலை வண்டிகள் சற்று நெருங்கி 44 விநாடிக்கு ஒன்று என்று வந்தால் அதே நேரம் 400 விநாடியாகிவிடும். நெருங்கியது ஆறு விநாடி; நிற்பது கிட்டத்தட்ட ஏழு நிமிடம்.

இதைவிட முக்கியமான முடிவு ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. வண்டிகள் பழையபடி 50 விநாடிக்கு ஒன்றே வரட்டும். கமிட்டி புதிதாக ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கிறது, நாலு விநாடிக் கேள்வி. 40 என்பது 44 ஆகிறது. காத்திருப்பு 160-லிருந்து 320-ஐத் தாண்டி இரட்டிப்பாகிவிடும். குடியிருப்பில் ஒரு சைக்கிள் காணாமல் போகும்போதெல்லாம் கேட்டில் ஒரு கேள்வி சேர்கிறது. சைக்கிள் பின்னர் பி டவர் மொட்டை மாடியில் கிடைத்துவிடும். கேள்வியைத் திரும்பப் பெற்ற கமிட்டி வரலாற்றில் இல்லை. வரிசை சர்வீஸ் சாலைக்கு வழிந்து, டிராபிக் போலீஸ்காரர் வந்து கத்தும் நாளில் மட்டும் எல்லாக் கேள்விகளும் ஒரே சைகையில் ரத்தாகின்றன. "விடு, விடு, விடு" என்கிறார் சூப்பர்வைசர். அந்த அரை மணி நேரத்தில் உள்ளே போனவர்கள் யார் யார் என்பது ஆய்வுக்கு எட்டாதது.

ஆப் வந்த பிறகு இதெல்லாம் தீர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். மைகேட் 2016-ல் பெங்களூரில் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவர் விமானப்படையில் பைலட்டாக இருந்தவர். வான் எல்லையைக் காத்த அனுபவம் கேட்டட் கம்யூனிட்டிக்குப் பயன்பட்டதில் வாயிலியல் பெருமை கொள்கிறது. இப்போது விசிட்டர் வந்தால் போனில் படத்தோடு கேள்வி வருகிறது: அனுமதிக்கவா, மறுக்கவா? பாண்டியனுக்குக்கூட இவ்வளவு வசதி இருந்ததில்லை. ஆனால் தினம் நாலைந்து முறை வரும் எந்தக் கேள்வியையும் மனிதர் படித்துப் பார்ப்பதில்லை. கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்குப் பழகிவிட்டது. ஒருநாள் மாமியாரின் படம் வந்தபோது ஒரு வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் சிவப்பை அமுக்கிவிட்டார் என்றும், அது பழக்கதோஷம்தானா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது என்றும் கேட்டில் பேசிக்கொண்டார்கள்.

வண்டி விட்டுப் போகும் இடம்

கட்டிடக்காரர் கார் நிறுத்தும் இடத்தைத் தனியாக விலைபோட்டு விற்க முடியாது, அது எல்லோருக்கும் பொது என்று மும்பை வழக்கு ஒன்றில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசிட்டர் பார்க்கிங் அதைவிடப் பொது. அந்தப் பொதுமையை மதித்து, குடியிருப்போர் தங்கள் இரண்டாவது காரை அங்கே நிரந்தரமாக விட்டு, மேலே உறை போட்டு மூடியிருக்கிறார்கள். உறை மேல் வேப்பம்பூ உதிர்ந்து மக்கிப்போய்க் கிடக்கிறது. விசிட்டர்கள் வெளியே சர்வீஸ் சாலையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். தவறிப்போய் உள்ளே யாருடைய இடத்திலாவது விட்டால் சக்கரத்துக்கு மஞ்சள் பூட்டு.

இந்தக் குற்றத்துக்கும் நம்மிடம் பழைய முன்னுதாரணம் உண்டு. மோசிகீரனார் களைப்பில் சேரமானின் முரசு கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். நிறுத்தக் கூடாத இடம், அதுவும் அரசனின் ஒதுக்கீடு. அக்கால விதிப்படி பூட்டெல்லாம் கிடையாது, இரண்டு துண்டு. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்தான், விசிறியை எடுத்து வீசினான். இப்படியொரு செகரட்டரி பிறகு வாய்க்கவில்லை.

வெளியேறாதவர்கள்

ஆய்வின் கடைசிக் கண்டுபிடிப்பு ரெஜிஸ்டரிலிருந்து கிடைத்தது. ஆப் வந்த பிறகும் ரெஜிஸ்டர் ஒழியவில்லை. நெட்வொர்க் போகும் நேரத்துக்கு அதுதான் கதி. தனிநபர் தரவுகளைக் காக்க 2023-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எண்ம வடிவில் உள்ள தரவுக்கானது என்பதால், முன்னால் வந்தவர் அனைவரின் பெயரும் போன் நம்பரும் பின்னால் வருபவர் படிக்கும்படி ரெஜிஸ்டர் தைரியமாகத் திறந்தே கிடக்கிறது. அதில் கடைசியிலிருந்து இரண்டாவது கட்டம் உள்ளே வந்த நேரம். அது நிரம்பியிருக்கும். கடைசிக் கட்டம் வெளியே போன நேரம். அது காலி. கேட்டில் எல்லோரும் உள்ளே வருபவரை நிறுத்துவதில் மும்முரமாக இருப்பதால், வெளியே போகிறவரை யாரும் கேட்பதில்லை, அவர் இட்லி எடுத்துப் போனாலொழிய.

ஏஜென்சியின் ஏரியா ஆபீசர் தணிக்கைக்கு வரும் முந்தின இரவு மட்டும் ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தில், அந்தப் பக்கத்தில் உள்ள அனைவரும் இரவு 9 மணிக்கு ஒரே நேரத்தில் வெளியேறியதாக எழுதப்படுகிறது. மற்ற நாட்களின் ஆவணச் சான்றுப்படி, பைப் சரிசெய்ய வந்தவர், ஏசி சர்வீஸ்காரர், ஜாதகப் பொருத்தம் பார்க்க வந்த குடும்பத்தினர், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த ஆசிரியை, எண்ணற்ற டெலிவரி ஊழியர்கள் அனைவரும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். குடியிருப்பில் தண்ணீர் ஏன் போதவில்லை என்பதற்கும், லிப்ட் ஏன் எப்போதும் நிரம்பியே வருகிறது என்பதற்கும் இதில் விளக்கம் கிடைக்கிறது. ஆய்வின் முடிவுகளை இவ்வாய்வாளன் மேனேஜிங் கமிட்டியிடம் எழுத்துமூலம் சமர்ப்பித்தான். பொருளாளர் படித்துப் பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்: உள்ளே தங்கிவிட்ட அத்தனை பேரிடமும் சதுர அடிக் கணக்கில் மெயின்டெனன்ஸ் வசூலிக்கலாமா, அல்லது தலைக்கு இவ்வளவு என்று போட்டுவிடலாமா?